இறுகிப்போன கியரும் திராட்டிலும்: பழைய போட் இஞ்சின் வாங்கியவர்களுக்கு

ஆறு நாள் செம்பனைக் குலை, ஏழாவது நாள் ஊடாங் காலா (ஆற்றுப் பெரிய இறால்) என்று வாழ்கிற ஊர் எங்கள் ஊத்தான் மெலிந்தாங். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிச் சம்பான்கள் பெர்னாம் ஆற்றில் இருக்கும். மீதி கரையில் இருக்கும், அவற்றின் சொந்தக்காரர்கள் இஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

போன மாதம் அப்படி ஒரு தோட்டத்துத் தம்பியைப் பார்த்தேன். தண்ணீர் வற்றிய நேரம். புதிதாகக் கைமாற்றி வாங்கிய ஃபைபர் சம்பான் சேற்றில் உட்கார்ந்திருந்தது. பின்னால் 40 குதிரைசக்தி யமஹா, தலைகீழாகத் தூக்கி வைத்த மாதிரி மேலே சாய்த்திருந்தது. தம்பி கியரையும் வேகத்தையும் மாற்றும் கண்ட்ரோல் பாக்ஸின் லீவரை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைப் பக்கப் பலகையில் முட்டுக்கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, கியர் விழமாட்டேங்குது. கேபிள் போயிருச்சு போல."

நான் பின்பக்கம் போய்ப் புரொப்பெல்லரை, எங்கள் ஜெட்டியில் கிப்பாஸ் என்போமே அதை, கையால் கால் சுற்றுத் திருப்பினேன். "இப்பத் தள்ளுப்பா" என்றேன். டக்கென்று விழுந்தது. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குறைந்தபட்சம் கியர் கேபிளுக்கு.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இதே மாதிரி இழுத்து ஒரு பாக்ஸுக்குள் இருந்த பல்சக்கரத்தை உடைத்தவன் நான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: லீவர் இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள், கழற்றிப் பிரித்துப் பாருங்கள். பாக்ஸ், கேபிள், இஞ்சின் என்று மூன்றே இடங்கள்தான். எது என்று தெரியாமல் மூன்றுக்கும் காசு கொடுப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கோளாறு போலத் தெரியும், கோளாறு இல்லை

தம்பிக்கு நடந்ததை முதலில் விளக்கிவிடுகிறேன். கீழே தண்ணீருக்குள் இருக்கும் கியர்பாக்ஸில் முன்னுக்கு ஒரு பல்சக்கரம், கோஸ்தானுக்கு, அதாவது பின்னுக்குப் போக, ஒரு பல்சக்கரம். (கோஸ்தான் என்ற சொல்லே கப்பல்காரர்களிடமிருந்து வந்ததுதான். காரில் சொல்லிச் சொல்லி நாம் அதை மறந்துவிட்டோம்.) இரண்டுக்கும் நடுவில் முட்டுப் பற்கள் வைத்த ஒரு கிளச்சு முன்னும் பின்னும் நகரும். இஞ்சின் ஓடும்போது சக்கரம் சுற்றுவதால் பல் இடைவெளி கிடைத்துக் கிளச்சு உள்ளே விழுந்துவிடும். இஞ்சின் நின்றிருக்கும்போது பல் நுனியும் பல் நுனியும் நேருக்கு நேர் முட்டி நின்றால், ஆனையைக் கொண்டுவந்து தள்ளினாலும் விழாது. யாராவது புரொப்பெல்லரைத் திருப்பிக் கொடுத்தால் விழும். இஞ்சின் நின்ற நிலையில் கியர் மாற்றிப் பார்க்கும் எல்லாச் சோதனைக்கும் இது பொருந்தும்.

அதற்கு முன் ஒரு கட்டாயம். இஞ்சினைச் சட்டென்று நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பை எடுத்துவிடுங்கள், ஸ்பார்க் பிளக் தொப்பிகளைக் கழற்றுங்கள், பேட்டரி இருந்தால் நெகட்டிவ் வயரையும் எடுங்கள். கியரில் இருக்கும் இஞ்சினின் புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் இஞ்சினும் சேர்ந்து திரும்பும். பிளக்கில் பொறி வந்தால் விரல் போகும்.

அடுத்தது, இறுக்க ஸ்க்ரூ. கண்ட்ரோல் பாக்ஸிலும் சரி, கையால் பிடித்து ஓட்டும் டில்லர் கைப்பிடியிலும் சரி, திராட்டில், அதாவது வேகம் கூட்டும் பகுதி, தானாகத் திரும்பி வராமல் இருக்க ஒரு இறுக்கம் வைத்திருப்பார்கள். அதைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்க்ரூ அல்லது குமிழ் உண்டு. பழைய சொந்தக்காரர் வலை இழுக்கும்போது வேகம் மாறாமல் இருக்கட்டும் என்று முழுக்க முறுக்கி வைத்திருப்பார். உங்களுக்கு அது துருப்பிடித்த மாதிரி இருக்கும். அரைச் சுற்றுத் தளர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம். ரொம்பத் தளர்த்தவும் வேண்டாம், ஓடும்போது அதிர்வில் திராட்டில் தானே நகரும்.

டில்லர் இஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நியூட்ரலில் கைப்பிடியைத் திருகினால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். சுமை இல்லாமல் இஞ்சின் கத்தக்கூடாது என்று கம்பெனியே போட்ட தடை அது. அதை மீறித் திருகி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை நொறுக்கியவர்கள் உண்டு. அதே போல, கண்ட்ரோல் பாக்ஸ் லீவர் நியூட்ரலைவிட்டு நகரவே மறுத்தால் கைப்பிடிக்கு அடியில் இருக்கும் பூட்டை அழுத்தினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காக மெக்கானிக்கை வரச்சொன்னவரை எனக்குத் தெரியும்.

கை சொல்வதைக் கேளுங்கள்

ஒரே லீவர்தான், ஆனால் அது இரண்டு வேலை செய்கிறது. நியூட்ரலிலிருந்து முன்னாலோ பின்னாலோ முதல் 35 டிகிரி அளவுக்கு நகர்த்தும்போது கியர் மட்டும் விழும், கையில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதைத் தாண்டித் தள்ளும்போதுதான் திராட்டில் திறக்கும். ஆகவே, எந்த இடத்தில் கனக்கிறது என்பதே பாதிப் பதில். பள்ளம் வரைக்கும் கனத்து அப்புறம் லேசானால் கியர் பக்கம் கோளாறு. கியர் நன்றாக விழுந்து, வேகம் கூட்டும்போது கனத்தால் திராட்டில் பக்கம். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே கனம் என்றால் பாக்ஸையோ, இரண்டு கேபிளையுமோ சந்தேகப்படுங்கள்.

யமஹா 703 வகைப் பாக்ஸில் நியூட்ரலில் திராட்டிலை மட்டும் தூக்க ஒரு சின்ன நெம்பு தனியாக உண்டு. அதைத் தூக்கிப் பாருங்கள். அது கனத்தால் கியருக்குச் சம்பந்தமே இல்லை, திராட்டில் வரிசையில் எங்கோ பிடிக்கிறது.

இன்னொரு சோதனை. ஒருவர் லீவரை மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க, மற்றவர் இஞ்சினை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்கத் திருப்பட்டும், பிறகு மேலே தூக்கி இறக்கட்டும். ஏதோ ஒரு நிலையில் மட்டும் இறுகினால் கேபிள் நசுங்குகிறது, அல்லது நீளம் போதவில்லை, அல்லது எங்கோ கொடூரமாக வளைந்திருக்கிறது. சட்டென்று மடங்குகிற மாதிரிச் சிறிய வளைவு எங்கேயும் இருக்கக்கூடாது. பெட்ரோல் தொட்டிக்கு அடியில் கேபிள் மாட்டிக்கொண்டிருப்பதும் சகஜம். இந்த மாதிரிக் கோளாறுக்கு ஒரு பைசாச் செலவில்லை.

பிரித்துப் பார்க்கும் வேலை

இஞ்சினின் மேல்மூடியை எடுங்கள். முன்பக்கமாக இரண்டு கேபிள்கள் உள்ளே வரும். எதையும் தொடும் முன் கைப்பேசியில் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிள் எந்தக் கொக்கியில், கிளிப் எந்தப் பக்கம் என்று இரண்டு மணிநேரம் கழித்து நினைவிருக்காது. பிறகு கியர் கேபிளின் நுனியை இஞ்சின் கரத்திலிருந்து கழற்றுங்கள், திராட்டில் கேபிளையும் கழற்றுங்கள். நுனியைத் திருகி நீளத்தை மாற்றிவிடாதீர்கள். கிளிப்பை மட்டும் எடுத்து நுனியை ஊசியிலிருந்து வெளியே இழுத்தால் போதும்.

இப்போது லீவரை அசையுங்கள். இன்னும் கனமா? கோளாறு கேபிளிலோ பாக்ஸிலோ. லேசாகிவிட்டதா? இஞ்சின் பக்கம். சரி, கேபிளா பாக்ஸா என்று தெரிய, பாக்ஸைச் சுவரிலிருந்து இறக்கிக் கேபிளை அந்த முனையிலும் கழற்ற வேண்டும். அப்புறம் கேபிளின் உட்கம்பியை இரண்டு விரலால் தள்ளி இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு நகர்ந்தால் நல்ல கேபிள். முஷ்டி பிடிக்க வேண்டியிருந்தால், அல்லது ஓரிடத்தில் நரநரவென்று மாட்டினால், அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்துவிட்டது.

இங்கேதான் எல்லோரும் எண்ணெய் ஊற்றுவார்கள். கப்சாய் மோட்டார் சைக்கிளின் கிளச்சுக் கேபிளைத் தொங்கவிட்டு, மேல்முனையில் பிளாஸ்டிக் பை கட்டி எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு வளர்ந்தவர்கள் நாம். போட் கேபிளுக்கு அது ஓரிரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். தம்பியின் திராட்டில் கேபிளில் இதைக் கண்ணால் பார்த்தோம். கியர் விழுந்த பிறகும் வேகம் கூட்டும்போது கனத்தது. கழற்றினால் உட்கம்பி நகரவே மறுத்தது. புதுக் கேபிள் போட்ட பிறகு, பழையதை அவர் வீட்டு வாசலில் வைத்துக் கத்தியால் கிழித்தோம். வெளியே கறுப்புத் தோல். அதற்குள் எஃகுக் கம்பி இழைகளை நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அதற்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், அதற்குள்தான் நகரும் உட்கம்பி. தோலில் ஓரிடத்தில் எலி கடித்த தடம், விரல் நகம் அளவுக்குத் தோல் இல்லை. அந்த இடத்தில் எஃகு இழைகள் செங்கல் பொடியாக உதிர்ந்தன. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். வெளியே போக வழியில்லாமல் உள்பக்கம் வீங்கி அந்த வெள்ளைக் குழாயை நசுக்கியிருந்தது. உட்கம்பி மட்டும் புதுசு போல மினுமினுத்தது. நீங்கள் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அது போவது குழாய்க்குள். நெருக்குவதோ குழாய்க்கு வெளியே.

அதனால் கேபிள் இறுகினால் மாற்றுங்கள். ஒன்று போயிருந்தால் இன்னொன்றும் அதே வயசு, அதே உப்பு. இரண்டையும் சேர்த்து மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆகுற நாள் ஆகட்டும் என்று விட்டால் இன்னொரு ஞாயிறு போகும். கடைக்குப் போகும்போது பழைய கேபிளைச் சுருட்டிக் கையில் எடுத்துப் போங்கள். நீளம் பெரும்பாலும் தோலிலேயே அடிக் கணக்கில் அச்சிட்டிருக்கும். யமஹா, சுசுகி, தொஹாட்சு போன்றவற்றுக்கு வழக்கமாகப் போகும் வகையை 33சி என்பார்கள். மெர்குரியும் பழைய ஜான்சன், எவின்ரூட் இஞ்சின்களும் வேறு நுனி கேட்கும். ஒரு அடி குறைத்து வாங்காதீர்கள், மிச்சமாக இருக்கட்டும் என்று மூன்று அடி கூட்டியும் வாங்காதீர்கள்.

கேபிள் நல்லது, பாக்ஸ்தான் கனக்கிறது என்றால் பெரும்பாலும் பழைய கிரீஸ் மெழுகாகிவிட்டிருக்கும். திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, மரைன் கிரீஸ் வைத்து மூடலாம். ஆனால் உள்ளே ஸ்பிரிங்கும் உருளையும் இருக்கின்றன, மூடியைத் தூக்கியதும் பறந்து சேற்றில் விழுந்துவிடும். வீட்டில், பழைய வேட்டியை விரித்து, அதன் மேல் வைத்துத் திறங்கள். பல்சக்கரத்தில் ஒரு பல் குறைந்திருந்தாலும் திரும்ப மாட்டாதீர்கள்.

இஞ்சின் பக்கம் என்றால்

திராட்டிலில் தொடங்குவோம். கேபிளைக் கழற்றிய பிறகு, கார்புரேட்டரின் திராட்டில் கரத்தை விரலால் திறந்து விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துச் சட்டென்று மூட வேண்டும். மெதுவாகச் சோம்பல் முறித்துக்கொண்டு மூடினால் அதன் அச்சில் உப்பும் பிசினும் சேர்ந்திருக்கிறது. கார்புரேட்டர் கிளீனர், அப்புறம் துளி எண்ணெய். இரண்டு மூன்று கார்புரேட்டர் இருந்தால் அவற்றை இணைக்கும் கம்பியில் உள்ள சின்ன ஸ்க்ரூக்களைத் தொடவே தொடாதீர்கள். அவை ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்து வைத்தவை.

கார்புரேட்டர் நன்றாக மூடுகிறது, ஆனால் முழு வரிசையும் கனக்கிறது என்றால், புதியவர்கள் யாரும் யோசிக்காத ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின்கள் பலவற்றில், நீங்கள் திராட்டிலைத் திறக்கும்போது பொறி விழும் நேரமும் முன்னே நகர வேண்டும். அதற்காக, இஞ்சின் உச்சியில் சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்கு அடியில், காயில்கள் பொருத்திய வட்டத் தட்டு ஒன்று திராட்டிலோடு சேர்ந்து கொஞ்சம் சுழலும். அந்தத் தட்டு உட்கார்ந்திருக்கும் வளையத்தில் கிரீஸ் காய்ந்து, அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்துவிட்டால் திராட்டில் மாவு அரைப்பது போல இருக்கும். கேபிள் மாற்றினேன், பாக்ஸ் மாற்றினேன், இன்னும் போகவில்லை என்று புலம்புபவர்கள் பலருக்கும் காரணம் இதுதான். கண்டுபிடிக்கத் தட்டுக்குப் போகும் இணைப்புக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, தட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

சரிசெய்ய ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்கென்று இழுப்பான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் வேலை பார்த்தவர்களுக்கு எதையும் சுத்தியலால் பேசிப் பழக்கம், எனக்கும் உண்டு. ஃபிளைவீலைத் தட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரியும், கிராங்க் முனையும் கெடும்.

கியர் பக்கம் இன்னும் எளிது. கேபிளைக் கழற்றிய பிறகு, ஒருவர் புரொப்பெல்லரைத் திருப்ப, மற்றவர் இஞ்சினின் கியர் கரத்தைக் கையால் மூன்று நிலைக்கும் நகர்த்தட்டும். கனத்தால் முதலில் கரம் வெளியே வரும் இடத்திலுள்ள புஷ்களைப் பாருங்கள். நைலான் புஷ்ஷில் கிரீஸ் காய்ந்திருந்தால் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் போதும். அதுவும் இல்லையென்றால் கீழே போகும் கம்பியோ கியர்பாக்ஸோதான்.

கியர்பாக்ஸைத் திறக்காமலே ஓரளவு உள்ளே எட்டிப்பார்க்கலாம். அடி ஸ்க்ரூவைத் திறந்து, பின் மேல் ஸ்க்ரூவைத் திறந்து எண்ணெயை வடியுங்கள். தேன் நிறம் என்றால் நல்லது. கறுப்பு என்றால் மாற்றவில்லை என்று அர்த்தம். தேத்தாரே (ஆற்றிய பால் தேநீர்) போல வெளுத்து நுரைத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்தத் தண்ணீர்தான் கியர் கம்பியையும் பிடிக்க வைக்கிறது. இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். நல்ல எண்ணெய் என்றால் புதியதை அடித் துவாரம் வழியாக, கீழிருந்து மேலாக, மேல் துவாரத்தில் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி அரைகுறையாக நிற்கும். முதலில் மேல் ஸ்க்ரூவை மூடி, அப்புறம் அடி ஸ்க்ரூ. வாஷர் புதுசாகப் போடுங்கள்.

இன்னொன்று, இறுக்கம் என்று சொல்பவர்களில் சிலருக்குப் பழக்கமே கோளாறு. கியரை நோகாமல் மெல்ல மெல்லத் தள்ளுவார்கள். பல்லின் நுனிகள் உரசி உரசித் தேயும். வேகத்தை முழுக்கக் குறைத்து ஓரிரு நொடி பொறுத்து, அப்புறம் ஒரே தட்டாகப் போட வேண்டும். இஞ்சின் சும்மா ஓடும் வேகம் அதிகமாக இருந்தாலும் கியர் இடித்துக்கொண்டு விழும், கழற்றும்போது பிடித்துக்கொள்ளும்.

திரும்ப மாட்டும்போது

பாக்ஸ் லீவர் நியூட்ரலில், இஞ்சின் கரமும் நியூட்ரலில். இந்த நிலையில் கேபிள் நுனி ஊசியில் தானாக வந்து உட்கார வேண்டும். இழுத்தோ தள்ளியோ மாட்ட வேண்டியிருந்தால் நுனியைத் திருகி நீளத்தைச் சரிசெய்யுங்கள். யமஹாவின் கணக்கில் நுனி குறைந்தது 8 மி.மீ. அளவுக்கு மரைக்குள் போயிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓடும்போது கழன்று வரும். லாக் நட்டை முறுக்க மறக்காதீர்கள்.

திராட்டில் கேபிளை மாட்டிய பிறகு இரண்டு முனையையும் பாருங்கள். லீவர் நியூட்ரலில் இருக்கும்போது கார்புரேட்டர் முழுக்க மூடியிருக்க வேண்டும், முழு வேகத்தில் தள்ளும்போது முழுக்கத் திறந்து நிறுத்தத்தைத் தொட வேண்டும், அதற்கு மேல் கேபிளை வளைக்கக்கூடாது. கியர் விழும் முன்னே திராட்டில் திறக்கத் தொடங்கினால் அது ஆபத்து, மறுபடி சரிசெய்யுங்கள். எல்லா அசையும் மூட்டுக்கும் மரைன் கிரீஸ். ஸ்பிரேயில் வரும் துரு எடுக்கும் எண்ணெயை அதற்குப் பதிலாக அடிக்காதீர்கள், இருக்கிற கிரீஸையும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

முதல் ஓட்டத்தைத் தண்ணீர் ஏறும் நேரத்தில், ஜெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே முன்னும் கோஸ்தானும் நாலு தடவை போட்டுப் பாருங்கள். கில் சுவிட்ச் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும். திராட்டில் திறந்தபடி மாட்டிக்கொண்டால் லீவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை, கிளிப்பை இழுத்தால் இஞ்சின் நின்றுவிடும். நடு ஆற்றில் கியர் கேபிள் போய்விட்டால் இஞ்சினை நிறுத்தி, மேல்மூடியை எடுத்து, கேபிள் நுனியைக் கழற்றுங்கள். கரத்தைக் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இஞ்சினைக் கிளப்புங்கள், சும்மா ஓடும் வேகத்தில் முன் கியரைக் கையாலேயே போட்டு ஊர்ந்து வாருங்கள். ஃபிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் கோஸ்தான் உடனே கிடைக்காது. ஜெட்டிக்கு இருபது அடி முன்பே கில் சுவிட்சை இழுத்துவிட்டு, துடுப்பால் ஒதுங்குங்கள்.